பின்னாடி உக்காந்துடுது, காத்து நிக்கல: ஏர் ஷாக் போட்ட லோடு வண்டில என்ன கோளாறு, எங்க பாக்கணும்

ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல ஒரு கராஜ்ல சஸ்பென்ஷன் வேலை பாக்குறேன். வியாழக்கிழமை சாயந்தரம் ஆச்சுன்னா சபர்பன், தாஹோ, யூகான்னு பெரிய அமெரிக்க வண்டியா வரிசையா வந்து நிக்கும், ஒண்ணு பின்னாடி போட் (படகு) இழுக்கணும், இல்லன்னா ஜெனரேட்டர், தண்ணி ட்ரம், கூடாரம்னு அடைச்சுக்கிட்டு பாலைவனத்துக்குக் கெளம்பணும், எல்லாரும் சொல்றது ஒரே பாட்டுதான், "பின்னாடி உக்காந்துடுது, காத்து அடிச்சாலும் நிக்க மாட்டேங்குது". இதுல பாதி வண்டில ஷாக் (ஷாக் அப்சார்பர்) நல்லாத்தான் இருக்கும், கோளாறு வேற எங்கயோ இருக்கும். நம்ம ஊரு பசங்க நெறைய பேரு இங்க டிரைவர் வேலைல இருக்காங்க, வண்டி வழியில நின்னா அர்பாப்கிட்ட, அதாவது முதலாளிகிட்ட, திட்டு வாங்குறது அவங்கதான், அதனால எந்த அறிகுறிக்கு எங்க கை வைக்கணும்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

அதுக்கு முன்னாடி குனிஞ்சு பாத்து உங்க வண்டில இருக்குறது என்னன்னு தெரிஞ்சுக்குங்க. ஏர் ஷாக்னா உள்ள சாதாரண ஆயில் ஷாக்தான், அதைச் சுத்தி ஒரு ரப்பர் உறை, உறைக்குள்ள காத்து. ஆயில் துள்ளலை அடக்கும், காத்து வண்டியத் தூக்கும். கடையில கேஸ் ஷாக்னு குடுக்குறது இது இல்ல, அது நைட்ரஜன் அடைச்சு மூடினது, நம்மளால கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. காயில் ஸ்பிரிங்குக்குள்ள சொருகுற பலூனும் இது இல்ல. ஷாக்ல இருந்து மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் டியூப் கெளம்பி, நம்பர் பிளேட் பக்கமோ பம்பருக்கு அடியிலயோ டயர் வால்வு மாதிரி ஒரு வால்வுல போய் முடிஞ்சா அதுதான் கையால காத்து அடிக்கிற ஏர் ஷாக். கம்பெனியிலயே கம்ப்ரசரோட வர்றதும் உண்டு, அதைக் கடைசியில சொல்றேன்.

கையில இருக்க வேண்டியது ஒரு அளவு டேப், காத்து பிரஷர் பாக்குற ஒரு நல்ல கேஜ், பாத்திரம் கழுவுற சோப்பு கெட்டியாக் கரைச்ச தண்ணி, ஒரு டார்ச், அவ்வளவுதான். வண்டி காலியா இருக்கும்போது பின் சக்கரத்தோட நடுவுல இருந்து மேல மட்கார்டு விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளந்து எழுதி வெச்சுக்குங்க. இந்த நம்பர் இல்லாம காத்து அடிக்கிறவங்க எல்லாருமே கண்ணால பாத்து "போதும்"னு நிறுத்துறவங்கதான், அவங்க வண்டிதான் திரும்பத் திரும்ப எங்ககிட்ட வருது.

ராத்திரி தூக்கி நின்னது, காலையில இறங்கிடுது

அதிகமா வர்ற கேஸ் இது. லீக்குன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்தைக் கழிச்சிடணும்.

ஒண்ணு சூடு. மதியம் வெயில்ல ஷாக் 60 டிகிரி இருக்கும்போது கேஜ்ல 93 பிஎஸ்ஐ காட்டினா, அதே காத்து ஒரு துளி கூட வெளிய போகாம 20 டிகிரிக்கு ஆறினதும் 80 தான் காட்டும். காத்து சுருங்கிப் போச்சு, வேற ஒண்ணும் இல்ல. அதனால அடிக்கிறதும் காலையில, பாக்குறதும் காலையில.

ரெண்டாவது கேஜ். நான் புதுசா வேலைக்குச் சேந்தப்ப இதுல அரை நாள் ஏமாந்திருக்கேன். ஒரு தாஹோவுக்கு 70 அடிச்சேன், அரை மணி கழிச்சுப் பாத்தா 64, மறுபடி பாத்தா 59, நானும் சோப்புத் தண்ணிய ஊத்து ஊத்துன்னு ஊத்தி தரையெல்லாம் நுரை, ஒரு குமிழி கூட வரல. பக்கத்துல வேலை பாத்துக்கிட்டிருந்த பட்டான் ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே வந்து கேஜை வாங்கி வெச்சுக்கிட்டாரு. விஷயம் என்னன்னா டயருக்குள்ள காத்து ஏராளமா இருக்கு, கேஜ் வைக்கும்போது உஸ்ஸுன்னு போறது அதுல தெரியாது, ஏர் ஷாக்குக்குள்ள இருக்குறது ரொம்பக் கொஞ்சம், அந்த ஒரு உஸ்லயே அஞ்சாறு பிஎஸ்ஐ ஓடிடும். அதனால அடிக்கடி கேஜ் வெச்சுப் பாக்காதீங்க, டேப் வெச்சு உயரத்தப் பாருங்க, உயரம் இறங்கினாத்தான் லீக்.

நெஜமாவே இறங்குதுன்னா சோப்புத் தண்ணி போடுற வரிசை இதுதான். மொதல்ல வால்வு வாய், உள்ள இருக்குற பின் (வால்வு ஊசி) லூசாயிருந்தா சின்னக் குமிழி ஒண்ணு நிதானமா ஊதும், டயர் கடையில சில்லறைக் காசுக்குக் கெடைக்கிற பின்ன மாத்தினா முடிஞ்சது, மூடி கண்டிப்பா போடணும், இங்க மணல் உள்ள போயிடும். அடுத்து டியூப் ரெண்டாப் பிரியுற டீ, T எழுத்து மாதிரி இருக்குற இணைப்பு. அப்புறம் ஷாக்ல டியூப் சேர்ற எடம். ரப்பர் உறை கடைசியில, ஏன்னா எடுத்த எடுப்புல ரப்பர் போச்சுன்னு சொல்லி ஷாக்க மாத்துறவங்கதான் அதிகம், ஆனா நான் பாத்த லீக்ல பெரும்பாலும் டியூப் முனையிலதான். டியூப்ப கட்டிங் பிளேயர்ல நறுக்கினா முனை நசுங்கி முட்டை வடிவம் ஆயிடும், காத்தை அடைக்கிற ரப்பர் வளையம், ஓ ரிங், உக்காராது. புது பிளேடுல நேரா வெட்டணும், சாய்வா வெட்டக்கூடாது, எவ்வளவு தூரம் உள்ள போகணும்னு மார்க்கர்ல கோடு போட்டுட்டு சொருகணும், கோடு வெளிய தெரிஞ்சா இன்னும் போகலன்னு அர்த்தம். நட்டை முரட்டுத்தனமா முறுக்காதீங்க, கையால முறுக்கி அப்புறம் ஸ்பேனர்ல கொஞ்சம், அவ்வளவுதான்.

டியூப் போற பாதை முழுக்க விரல ஓட்டிப் பாருங்க. சைலன்சர் பைப்புக்குப் பக்கத்துல போனா பிளாஸ்டிக் மெத்துனு ஆகி ஊசி ஓட்டை விழும், வண்டி ஆறி நிக்கும்போது அந்த ஓட்டை சரியாத் தெரியாது, ஓட்டினாத்தான் இறங்கும். சைலன்சர்ல இருந்து ஒரு சாண் தள்ளி இருக்கணும்னு நான் கணக்கு வெச்சிருக்கேன்.

ஒரு பக்கம் மட்டும் சாயுது

ராமநாதபுரத்துத் தம்பி ஒருத்தன் போன் பண்ணினான், "அண்ணே, இடது பக்கம் தூங்குதுண்ணே, ஷாக் போயிடுச்சு". பின்னாடி என்னடா ஏத்தியிருக்கேன்னு கேட்டேன். ஜெனரேட்டர், ரெண்டு தண்ணி ட்ரம், எல்லாத்தையும் இடது பக்கமே அடுக்கியிருக்கான், வலது பக்கம் அர்பாப் வீட்டுக் கூடாரமும் மெத்தையும். சாமானை மாத்தி அடுக்கச் சொன்னேன், போனை வெச்சுட்டான், திரும்பக் கூப்பிடல.

சாமான் சமமா இருந்தும் சாயுதுன்னா, ரெண்டு ஷாக்கும் ஒரே டீல சேருதா, தனித்தனி டியூபான்னு பாருங்க. ஒரே டீயா இருந்தா லீக் எந்தப் பக்கம் இருந்தாலும் ரெண்டு பக்கமும் சேந்துதான் இறங்கும், அப்ப ஒரு பக்கம் மட்டும் சாய்றது லீக்கால இல்ல, காயில் ஸ்பிரிங் உடைஞ்சிருக்கான்னு பாருங்க, கீழ்ச் சுத்து ஒண்ணு உடைஞ்சு சீட்டுக்குள்ளயே மறைஞ்சு கெடக்கும், டார்ச் அடிச்சாத்தான் தெரியும். இல்லன்னா அந்தப் பக்கத்து டியூப் எங்கயாவது மடிஞ்சு காத்து போகாம இருக்கும். தனித்தனி டியூபா இருந்தா வேலை சுலபம், சாய்ற பக்கத்துலதான் லீக்.

காத்து ஏறுது, வண்டி ஏறல

கேஜ் 120 காட்டும், வண்டி அசையாது. மொதல்ல ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டு வண்டிய ரெண்டடி முன்ன பின்ன தள்ளுங்க, ஸ்பிரிங் மாட்டுற எடத்து ரப்பர் புஷ் எல்லாம் இறுகிக் கெடக்கும், தள்ளினதும் ஒரு பொத்துனு ஏறும். அப்படியும் ஏறலன்னா லோடு ஜாஸ்தி, இல்லன்னா காயில் தளந்து போச்சு.

இங்க ஒரு கணக்கு சொல்றேன். ரப்பருக்குள்ள காத்து அமுக்குற பரப்பு 4 சதுர இன்ச்னு வெச்சுக்குங்க. 100 பிஎஸ்ஐ அடிச்சா ஒரு ஷாக் 400 பவுண்டு தூக்கும், கிலோவுல சுமார் 180. ரெண்டு பக்கமும் சேத்து 360. அவ்வளவுதான் அதோட சத்து, அரை டன் ஏத்திட்டு இதை நம்பினா அது எங்க போகும். பெட்டியில வர்ற காகிதத்துல அதிகபட்சம்னு ஒரு நம்பர் இருக்கும், கையால அடிக்கிற செட்ல பல மாடலுக்கு 150 பிஎஸ்ஐ, குறைஞ்சது 20. அந்த 150ஐத் தாண்டி அடிச்சா உறை வெடிக்கும், எங்க கராஜுக்கு அப்படி ஒண்ணு வந்துச்சு, பழைய டியூப் மாதிரி கிழிஞ்சு தொங்கிக்கிட்டு.

இன்னொண்ணு, இதைத்தான் யாரும் காது குடுத்துக் கேக்க மாட்டேங்குறாங்க. காத்து அடிச்சு வண்டி மட்டமா நின்னுட்டா லோடு குறைஞ்சிடல. ஆக்ஸில் மேல அதே கிலோ, டயர் மேல அதே கிலோ, பிரேக்குக்கும் அதே கிலோ. டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், பின் ஆக்ஸில் எவ்வளவு தாங்கும்னு அதுல போட்டிருக்கும். டயர் சைஸ் பக்கத்துல ஒரு நம்பர் இருக்கும், 116னு இருந்தா ஒரு டயருக்கு 1250 கிலோ. முன்னாடியெல்லாம் வண்டி உக்காந்து "போதும்டா"ன்னு காட்டிக் குடுத்துக்கிட்டிருந்துச்சு, ஏர் ஷாக் போட்டதும் அந்த அடையாளம் போயிடுச்சு, அதுதான் இதுல இருக்குற ஆபத்தே.

ஹம்ப் (ஸ்பீட் பிரேக்கர்) ஏறினா டக்குனு சத்தம்

இதை அலட்சியம் பண்ணாதீங்க. சத்தம் மூணு வகை. காலியா இருக்கும்போது ஹம்ப் எறங்கும்போது "டங்"னு வந்தா காத்து ஜாஸ்தி, ஷாக் முழுசா நீண்டு முட்டுது, குறைங்க. லோடோட ஏறும்போது "தொப்"னு வந்தா ஆக்ஸில் போய் ரப்பர் ஸ்டாப்புல முட்டுது, காத்து பத்தல இல்லன்னா லோடு ஜாஸ்தி. சின்னச் சின்னக் குழியில கூட "டக் டக்"னு வந்தா புஷ் போச்சு, இல்லன்னா மவுண்ட்.

மவுண்டுதான் விஷயம். சாதாரண ஷாக்குக்கு வண்டியோட பாரம் கெடையாது, பாரத்தை ஸ்பிரிங்தான் தாங்கும், ஷாக் துள்ளலை மட்டும் புடிச்சுக்கும், அதனால ஷாக் மாட்டுற பிராக்கெட்டும் போல்ட்டும் அதுக்குத் தக்கனதான் செஞ்சிருப்பாங்க. நாம ஏர் ஷாக் போட்டு 150 அடிச்சதும் அந்த பிராக்கெட் மேல இருபத்துநாலு மணி நேரமும் கால் டன் உக்காந்திருக்கு. ஒரு சபர்பன் வந்துச்சு, போட் இழுக்குறது, மூணு வருஷமா காத்து எறக்கினதே இல்ல. டக் டக்னு சத்தம், ரெண்டு எடத்துல புஷ் மாத்திட்டாங்க, சத்தம் போகல. நான் மேல் பிராக்கெட்டைத் துணியால துடைச்சேன், வெல்டிங் ஓரத்துல துருத் தூள் ஒரு கோடா ஒட்டியிருந்துச்சு, செங்கல் பொடி மாதிரி. இரும்பும் இரும்பும் உரசினாத்தான் அப்படித் தூள் வரும். டீசல் தடவி அஞ்சு நிமிஷம் விட்டு, நல்லாத் துடைச்சு காயவெச்சுட்டு, சாக்பீஸைத் தேச்சேன், விரிசல்ல ஊறியிருந்த டீசல் வெள்ளை மேல மெல்லிசா ஒரு கருங்கோடா மேல வந்துச்சு, முக்கால் வட்டம். இன்னும் ஒரு தடவை பாலைவனம் போயிருந்தா ஷாக் மேல தளத்தைக் குத்தியிருக்கும்.

இந்த சாக்பீஸ் வேலைக்குக் காசு கெடையாது, வருஷம் ஒரு தடவை பாசிங்குக்கு (வண்டி சோதனைக்கு) முன்னாடி பண்ணிப் பாருங்க. விரிசல் இருந்தா மேலாக்க வெல்டிங் வெச்சு மூடாதீங்க, அந்தக் கோட்டுக்குப் பக்கத்துலயே மறுபடி விடும், பிராக்கெட்டை மாத்தணும். தெனமும் நெறைய லோடு ஏத்துற வண்டின்னா ஏர் ஷாக்கே வேண்டாம்னு சொல்லுவேன், ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவுல வைக்கிற ஏர் பேக் போடுங்க, இல்ல கனமான காயில் போடுங்க, பிக்கப்பா இருந்தா லீஃப் ஸ்பிரிங்ல ஒரு பட்டை சேருங்க. அதுல பாரம் சேஸிஸ்ல எறங்கும். ஏர் ஷாக் வாரத்துக்கு ஒரு நாள் லோடு ஏத்துறவனுக்கானது.

வளைவுல வண்டி சாஞ்சுக்கிட்டே போகுது

ஒரே டீல ரெண்டு ஷாக்கும் சேந்திருந்தா வளைவுல வெளிப்பக்கம் அமுங்கும், அங்க இருக்குற காத்து டியூப் வழியா உள்பக்கம் ஓடும், தாங்க வேண்டிய பக்கம் இன்னும் அமுங்கும். ஜெபல் ஜெய்ஸ் மலை ரோடு மாதிரி நீள நீளமான வளைவுல நல்லாவே தெரியும். டீய எடுத்துட்டு ரெண்டு வால்வு தனித்தனியா வெச்சுட்டா தீந்துது. அடிக்கிற வேலை ரெட்டிப்பு, பரவாயில்ல. ரெண்டுலயும் ஒரே பிரஷர் இருக்கணும்.

ட்ரெய்லர் மாட்டினா ஸ்டீயரிங் லேசாகுது, எதிர்ல வர்றவன் லைட் அடிக்கிறான்

அமெரிக்க வண்டிக்கு வழக்கமாச் சொல்றது, ட்ரெய்லர் எடையில 10ல இருந்து 15 சதவீதம் அதை மாட்டுற ஹிட்ச் மேல நிக்கணும். 2000 கிலோ ட்ரெய்லர்னா 200ல இருந்து 300 கிலோ. அந்தக் கிலோ பின் சக்கரத்துக்கும் பின்னாடி தள்ளி உக்காருது, அதனால கடப்பாரை போட்டு நெம்புற மாதிரி முன்பக்கத்தைத் தூக்கிடும். ஏர் ஷாக்ல காத்து அடிச்சா வண்டி மட்டமாகும், ஹெட்லைட் கீழ எறங்கும், எதிர்ல வர்றவன் திட்டுறது நின்னுடும். ஆனா முன் டயர்ல இருந்து போன பாரம் திரும்ப வராது, ஸ்டீயரிங் அப்பவும் லேசாத்தான் இருக்கும். அதுக்கு பாரத்தை முன்னாடி தள்ளுற ஹிட்ச் தனியா இருக்கு, ரெண்டு பக்கமும் கம்பி வெச்சது, அது போடணும், இல்ல ட்ரெய்லர்ல சாமானை மாத்தி அடுக்கணும். அதுக்காக மொத்தத்தையும் ட்ரெய்லருக்குப் பின்னாடி தள்ளிடாதீங்க, வேகத்துல வால் ஆட்ட ஆரம்பிச்சா அப்புறம் புடிக்கவே முடியாது.

பிரேக் முன்ன மாதிரி புடிக்கல

இதை ஏர் ஷாக்கோட யாருமே சேத்து யோசிக்கிறதில்ல. பழைய ஹைலக்ஸ் மாதிரி பிக்கப்புல பின் பிரேக் லைன்ல ஒரு வால்வு இருக்கும், அதுல இருந்து ஒரு கம்பி ஆக்ஸிலுக்குப் போகும். பின்னாடி எவ்வளவு அமுங்கியிருக்குன்னு பாத்துத்தான் அந்த வால்வு லோடு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்கும், அமுங்கினா பின் பிரேக்குக்கு பிரஷர் கூட்டும். நீங்க காத்து அடிச்சு மட்டமாத் தூக்கிட்டா வால்வு காலி வண்டின்னு நெனச்சு பின் பிரேக்கைக் குறைச்சிடும், முதுகுல லோடு அப்படியே இருக்கு, பிரேக் பூரா முன் சக்கரத்துல. பேட் மாத்தினாலும் தீராது. குனிஞ்சு அந்தக் கம்பி இருக்கான்னு பாருங்க, இருந்தா லோடு ஏத்தினப்புறம் காலி உயரத்துக்கே கொண்டு வராதீங்க, கொஞ்சம் அமுங்கியே நிக்கட்டும், அட்ஜஸ்ட்மென்ட் வேணும்னா பிரேக் தெரிஞ்சவர்கிட்ட விடுங்க, இது கண்ணளவு வேலை இல்ல.

உயரம் சரி, ஆனா ஊஞ்சல் மாதிரி ஆடுது

ஆயில் பாகம் செத்துப் போச்சு. காத்து தூக்கிப் புடிச்சிருக்குறதால வெளிய தெரியல. ரப்பருக்குக் கீழ எண்ணெய்ப் பிசுக்கு, அதுல மணல் அப்பியிருக்கும். ரெண்டையும் சேத்து மாத்துங்க, ஒண்ணை மட்டும் மாத்தாதீங்க.

கம்ப்ரசர் வண்டி: கம்ப்ரசர் நிக்காம ஓடுது, இல்ல ஓடவே இல்ல

சில தாஹோ, சபர்பன்ல கம்பெனியே கம்ப்ரசரும் உயரம் பாக்குற சென்சாரும் வெச்சிருக்கும். நிக்காம ஓடினா லீக், கம்ப்ரசர் அதை ஈடுகட்டப் பாத்து எரிஞ்சு போகும், மொதல்ல லீக்கை அடைங்க, அப்புறம் கம்ப்ரசரை மாத்துங்க, தலைகீழாப் பண்ணினா புதுசும் போயிடும். ஓடவே இல்லன்னா ஃபியூஸ், ரிலே, அடுத்து சென்சார்ல இருந்து ஆக்ஸிலுக்குப் போற சின்னக் கம்பி, பாலைவனத்துல கல்லு பட்டு கழண்டிருக்கும். சலிச்சுப் போய் சாதா ஷாக் மாட்டிடலாம்னு நெனச்சா காயில் நம்பரையும் சேத்து விசாரிங்க, ஏர் மாடலுக்கும் சாதா மாடலுக்கும் காயில் வேறயா இருக்கலாம்.

காலி வண்டி மாட்டு வண்டி மாதிரி குதிக்குது

லோடுக்கு அடிச்ச காத்தை எறக்கல, அவ்வளவுதான். போட்டைக் கழட்டினதும் 20, 25க்குக் கொண்டு வந்துடுங்க. அதுக்காக மொத்தமா எறக்கி ஜீரோ ஆக்கிடாதீங்க, உறை மடிஞ்சு தன்மேல தானே உரசி ஓரத்துல வெடிப்பு விடும், அடுத்த வாரம் "ஷாக் போச்சு"ன்னு வருவீங்க. அடிக்கும்போதும் கராஜ் கம்ப்ரசர் லைனை நேரா வைக்காதீங்க, உள்ள எடம் கொஞ்சம்தான், கண் சிமிட்டுறதுக்குள்ள 150 தாண்டிடும், கால் பம்ப்தான் நல்லது. பத்துப் பத்தா ஏத்தி, வண்டிய அசைச்சு விட்டு, டேப் வெச்சுப் பாருங்க, காலி உயரத்துக்கிட்ட வந்ததும் நிறுத்திடுங்க. அந்த நம்பரை ஒரு வெள்ளை டேப்ல எழுதி வால்வு மூடிக்குப் பக்கத்துல ஒட்டிடுங்க, காலி 25, கூடாரம் 60, போட் 85ன்னு, உங்க வண்டிக்கு எது வருதோ அது. நீங்க லீவுல ஊருக்குப் போனப்ப மாத்து டிரைவர் வந்தாலும் அதைப் பாத்து அடிச்சுக்குவாரு.